ஹாரன் அடித்தால் கேட் திறக்கும்

ஆகஸ்ட் 5, திங்கள்

வண்டி பட்டறையிலிருந்து வந்துவிட்டது. முன்பக்கம் முழுக்கப் புது பெயிண்ட். இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து விரலால் தடவித் தடவிப் பார்த்ததைப் பார்க்க வேண்டுமே! நித்திலா பிறந்தபோது தொட்டிலைக்கூட இத்தனை முறை சுற்றவில்லை.

போன மாதம் இருபத்திரண்டாம் தேதி வண்டியும் எங்கள் வீட்டுக் கேட்டும் இடித்துக்கொண்டன. பிரேக்கில் இருக்க வேண்டிய கால் ஆக்ஸிலேட்டரில் இருந்துவிட்டது. அவ்வளவுதான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இரண்டு வாரமாக இந்த நோட்டைத் தொடவில்லை. கையெழுத்து கோணலாக வருகிறது. பேனா சரியில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

ஹாரன் வேலை செய்யவில்லை.

சாயந்திரம் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வெளியே இஞ்சின் உறுமுகிறது, அடங்குகிறது, மறுபடி உறுமுகிறது. யாரோ வண்டி பழகுகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் மேசை மேல் போன் அடித்தது. எடுத்தால் இவர். "கேட்" என்றார். அவ்வளவுதான், ஒரே சொல்.

எங்கள் வீட்டுச் சட்டத்தை இங்கே எழுதி வைக்கிறேன். வண்டி வந்து கேட் முன்னால் நிற்கும். ஒரு ஹாரன். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். வாசல்படி இறங்குவதற்குள் இரண்டாவது ஹாரன். தாழ்ப்பாளோடு நான் மல்லுக்கட்டும்போது மூன்றாவது. குளித்துக்கொண்டிருந்தால்? அதற்கும் ஹாரன்தான். இந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இவர் ஒரு நாளாவது வண்டியை விட்டு இறங்கிக் கேட்டைத் தொட்டதாக எனக்கு ஞாபகமில்லை. கேட்டுக்கு வெளிப்பக்கம் என்ன நிறம் என்று கேட்டால் சொல்வார். உட்பக்கம் தெரியாது.

போய்த் திறந்தேன். "ஹாரன் அடிக்கல. பெரியதம்பி எதையோ கழட்டி விட்டிருக்கான்" என்றார். பெரியதம்பிதான் மெக்கானிக். பத்து வருஷமாக எங்கள் வண்டியைப் பார்க்கிறான், அதைவிட அதிக நாளாக இவருடைய வாயைப் பார்க்கிறவள் நான்.

ரசத்தில் உப்பு தூக்கல் என்றார் சாப்பிடும்போது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங் நடுவே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். ஃபியூஸ் நேற்றே மாற்றியாயிற்று. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் போனெட்டுக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். எனக்குக் கேட்டது. இவருக்குக் கேட்கவில்லை. அழுத்தும்போதே பெரியதம்பியைத் திட்டிக்கொண்டும் இருந்தால் எப்படிக் கேட்கும்?

அந்த 'டிக்', ஹாரனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயின் சத்தம். அது கேட்டால் ஸ்டியரிங்கில் இருக்கும் ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது, ரிலேயும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பார்க்க வேண்டியது ஹாரனையும் அது மாட்டியிருக்கும் இடத்தையும்தான்.

எனக்கு எப்படித் தெரியும்? சங்ககிரியில் லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் கடை வைத்திருந்தவரின் மகள் நான். ஆறாம் வகுப்பு படிக்கும்போதே பள்ளிக்கூடம் விட்டு வந்து, மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சருக்குக் கம்பி சுற்றுவேன். சின்ன விரல், கம்பி அறாது என்று அப்பா அந்த வேலையை எனக்கே கொடுத்துவிடுவார். பிளஸ் டூ முடிக்கும்போது, ஹாரன் சத்தத்தைக் கேட்டே அதன் பின்னால் இருக்கும் ஸ்குரூவைக் கால் சுற்றா அரைச் சுற்றா திருப்ப வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

கல்யாணப் பத்திரிகையில் அப்பாவை 'எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர்' என்று அச்சடித்தார்கள். மாப்பிள்ளை இயற்பியல் லெக்சரர். மாமனார் லாரிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவர் என்று எப்படிப் போடுவது? அப்பா அந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் ஆகியும் எனக்கு அந்த எரிச்சல் போகவில்லை.

இருந்தாலும் போய்ச் சொன்னேன். "ஏங்க, அழுத்தும்போது உள்ள ஒரு சத்தம் கேக்குதுங்களே."

"மங்கை, நீ தொட்டிக்குத் தண்ணி ஊத்து."

ஊற்றினேன். இனி என்னைக் கேட்டால்தான் சொல்வேன். கேட்காமல் வாயைத் திறப்பதில்லை. இது இந்த நோட்டின் மேல் சத்தியம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். செப்டம்பர் பன்னிரண்டு என்று தேதி கிடைத்திருக்கிறது. லைட், பிரேக், வைப்பர், ஹாரன் எல்லாவற்றையும் பார்ப்பார்களாம். ஹாரன் அடிக்காவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முப்பத்து மூன்று வருஷம் மின்சாரம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற துறைத் தலைவர் ஒரு ஹாரனுக்காகத் திரும்பி வருவதாவது என்று இவர் களத்தில் இறங்கிவிட்டார்.

முதல் வேலையாகக் காலண்டர் தாளின் பின்பக்கம் சர்க்யூட் படம் வரைந்தார். ஸ்கேல் வைத்துப் போட்ட செவ்வகம். பேட்டரி, ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச், ஹாரன். ஹாரனிலிருந்து கீழே இறங்கி, நீளமாக ஒரு கோடு பேட்டரிக்குத் திரும்பி வருகிறது. படம் அழகாகத்தான் இருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

அந்தக் கடைசிக் கோடு இருக்கிறதே, அப்படி ஒரு ஒயர் வண்டியில் கிடையாது. ஹாரனுக்குப் போகிற ஒயர் ஒன்றுதான். திரும்பி வரும் வழி வண்டியின் இரும்பு உடம்பு. ஹாரனை எந்தத் தகட்டில் முடுக்கியிருக்கிறார்களோ அந்தத் தகடு சுத்தமாக இருந்தால்தான் கரண்ட் திரும்பும். புதுசாகப் பெயிண்ட் அடித்த தகட்டில் அதைச் சுரண்டாமல் ஹாரனை முடுக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் கடையில் கம்பி சுற்றிய எவருக்கும் தெரியும்.

பாடப் புத்தகத்தில் கோடு போட்டிருக்கிறது, அதனால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். போகிற வழியைத்தான் தேடுவார். திரும்பி வருகிற வழி தானாக இருக்கும் என்பது இவர் நினைப்பு.

ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கோடு கண்ணில் படுகிறது. வாயை மூடிக்கொண்டு பாலை எடுக்கிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

புது ஹாரன் வாங்கி வந்தார். போர்ட்டிகோவில் வைத்து, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்துத் தொட்டுக் காட்டினார். தெருவே அலறியது. "பாத்தியா!" என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்ததுபோல. வண்டியில் முடுக்கினார். அழுத்தினார். சத்தமில்லை. கழற்றிக் கையில் வைத்துத் தொட்டால் அலறுகிறது. மாட்டினால் ஊமை. நாலு தடவை செய்து பார்த்தார்.

இதற்கு மேல் அந்த ஹாரன் வாய் விட்டா சொல்லும்?

பழைய ஹாரனும் இதே மாதிரி கையில் வைத்தால் அடித்தது. ஆக, ஒன்றுமே கெட்டுப்போகாத ஹாரனை ஓரமாகத் தூக்கிப் போட்டார். கடைசியில், "ஸ்டியரிங் ஸ்விட்ச்தான் கோளாறு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டவுன் பஸ் பிடித்து டாக்டரிடம் போனேன். நித்திலா வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாலு வாரமா என்னம்மா பண்ணீட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள். என்ன பண்ணுவேன்? சமைத்துக்கொண்டிருந்தேன். துவைத்துக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டிருந்தேன்.

வலது மணிக்கட்டில் மயிரிழை மாதிரி ஒரு விரிசலாம். மாவுக்கட்டு போட வேண்டும் என்றாள். மாவுக்கட்டோடு எப்படி அரிசி களைவது என்று கேட்டேன். முறைத்துவிட்டு மணிக்கட்டுக்கு ஒரு பெல்ட் மாட்டிவிட்டாள். எப்படி அடிபட்டது என்று கேட்டாள். வழுக்கிவிட்டது என்றேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் போர்ட்டிகோவில் ஸ்டியரிங்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன கையில? சுட்டுக்கிட்டியா?"

"இல்லீங்க, அது வந்து..."

"அந்தச் சின்ன ஸ்குரூ டிரைவரை எங்க வெச்ச?"

எடுத்துக் கொடுத்தேன். இடது கையால்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்றும் போனில் "கேட்".

ஆகஸ்ட் 24, சனி

ஸ்டியரிங் நடுவிலிருந்து ஒரு சின்ன ஸ்பிரிங் தெறித்துத் துளசிச் செடிக்குள் போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் தேடினோம். தேடினோம் என்றால், நான் தேடினேன், இவர் எந்தக் கோணத்தில் தெறித்திருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் கிடைத்தது. விளக்கம் சொன்ன பக்கத்தில் இல்லை.

ஸ்டியரிங்கைத் திரும்ப மாட்டினார். அழுத்தினார். 'டிக்.' ஹாரன் ஊமை.

சாயந்திரம் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தார். போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. குளியலறையில் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. அப்புறம் கை தட்டும் சத்தம் கேட்டது! வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் வெளியே நீட்டித் தட்டுகிறார். ஹோட்டலில் சர்வரைக்கூட இப்படிக் கூப்பிட்டால் மரியாதையாக இருக்காது. எதிர் வீட்டு ஸ்டெல்லா டீச்சர் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தார். இறங்கி நாலு எட்டு நடந்தால் கேட். கை தட்ட ஆகிற பலத்தில் பாதி போதும்.

திறந்தேன். வேறென்ன செய்ய?

ஆகஸ்ட் 28, புதன்

இவர் காலையில் கூட்டுறவு பண்டகசாலைக்குப் போனார். திரும்பி வந்த வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. போன் வரவில்லை. கை தட்டவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஜன்னலில் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். நானாகப் போய்த் திறந்தேன்.

உள்ளே வந்து தண்ணீர் கேட்டார். பால் பூத் சந்திலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாளாம். ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்ததாம். இவர் ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்தியிருக்கிறார். அது ஊமை என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. அப்புறம்தான் பிரேக்.

"ஒரு சாண், மங்கை. ஒரு சாண்தான்" என்றார். "கொழந்தை என்னைப் பாத்துச் சிரிச்சுது."

இருபது நாளாகத் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பவள் நான். கேட்டால்தான் சொல்வேன் என்று இவர்மேல் இருந்த கோபத்தில் சத்தியம் செய்தேன், அந்தக் குழந்தைமேல் எனக்கு என்ன கோபம்? சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று ஹாலுக்குப் போனேன். அதற்குள் தெளிந்துவிட்டார். போனில் பெரியதம்பியைக் கூப்பிட்டு, "உன்னால இன்னைக்கு ஒரு உயிர் போயிருக்கும்டா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

உன்னால! எப்போதும் யாராவது ஒருவரால்தான் ஆகிறது. இவரால் எதுவுமே ஆனதில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

காலையில் இவர் நடக்கப் போனபோது பூந்தொட்டியை நகர்த்தப் போர்ட்டிகோவுக்குப் போனேன்.

சரி, தொட்டியை நகர்த்தப் போகவில்லை. போனெட்டைத் திறந்தேன். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும் எடுத்துப் போயிருந்தேன். நான் நினைத்த இடம்தான். ஹாரன் முடுக்கியிருக்கும் தகட்டில் பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. நட்டைக் கழற்றி, அந்த இடத்தைச் சுரண்டி, திரும்ப முடுக்கினால் வேலை முடிந்தது. பத்து நிமிஷம். இவருக்காகப் போகவில்லை. அந்த ஸ்கூட்டர் குழந்தைக்காகத்தான் போனேன்.

நட்டு அசையவில்லை. வலது கையால் திருப்பினால் தோள் வரை வலி ஏறுகிறது. இடது கைக்குப் பழக்கமில்லை. ஸ்பேனர் நழுவிப் புது பெயிண்டில் ஒரு கீறல்கூட விழுந்தது. ஆறாம் வகுப்பில் என் கைக்கு முடிந்தது இப்போது முடியவில்லை என்றதும் அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த அழுகைதான்.

இருபத்திரண்டாம் தேதி நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

அன்று மூன்று ஹாரன் அடித்தாயிற்று. நான் கேட்டில்தான் நின்றிருந்தேன். எங்கள் கேட் தொங்கிப்போன கேட். முழங்காலை முட்டுக் கொடுத்துக் கொஞ்சம் தூக்கினால்தான் தாழ்ப்பாள் நகரும். தூக்கிப் பிடித்துத் தாழ்ப்பாளை இழுக்கும்போது வண்டி வந்து மோதியது. கேட் என் கையையும் சேர்த்துக்கொண்டு தூணில் அடித்தது. நான் கத்தினேனா இல்லையா என்று தெரியவில்லை. இவர் கதவைத் திறந்து ஓடி வந்தார். ஓடி வந்து பம்பர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "போச்சு, போச்சு" என்றார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ ஒரு நிமிஷம் முன்னால வந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று கேட்டார்.

கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். உள்ளே போய் ராத்திரிக்கு உப்புமா கிளறினேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பெரியதம்பி வீட்டுக்கே வந்துவிட்டான். பாவம், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"என்னத்தடா பண்ணி வெச்ச வண்டியை?"

"ஏனுங்க சார், நானெங்கீங்க ஒயரைத் தொட்டேன்? டிங்கரிங் பார்த்து, நல்லா நாலு கோட்டு பெயிண்ட் அடிச்சு, காஞ்சதும் ஹாரனை அதும்மேல மாட்டிக் குடுத்தேனுங்க. அன்னைக்கு அடிச்சுப் பாக்காம விட்டதுதான் என் தப்புங்க."

நாலு கோட்டு பெயிண்ட், அதன்மேல் ஹாரன்! பதிலை அவனே சொல்லிவிட்டான். அவனுக்கும் அது உறைக்கவில்லை. அவன் இஞ்சின் வேலைக்காரன், ஒயரிங் என்றால் கும்பிடு போட்டு ஒதுங்கிவிடுவான். பேராசிரியருக்கும் உறைக்கவில்லை. "இனி என் வண்டியைத் தொடாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காபி கொடுக்கப் போனேன். டம்ளரை வாங்கும்போது பெரியதம்பி என் கையைப் பார்த்தான்.

"அக்கா, என்னாச்சுங்க கைக்கு? வீங்கியிருக்குதுங்களே."

வந்து நின்ற ஐந்து நிமிஷத்தில் அவன் கண்ணில் பட்டுவிட்டது. அதுவும் வாங்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறவன் கண்ணில். ஆறு வாரமாக ஒரே வீட்டில் மூன்று வேளையும் என் கையால் சாப்பிடுகிறவருக்கு என்ன ஆயிற்று?

"ஒண்ணுமில்லப்பா, கேட்ல பட்டுக்கிச்சு" என்றேன். அவன் கேட்டைப் பார்த்தான். தூணில் காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்தான். அப்புறம் வண்டியைப் பார்த்தான். காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே குழாயில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்குச் சொப்பு வரவில்லை. மாவைக் கிண்ணம்போல வளைக்கக் கட்டைவிரல் ஒத்துழைக்க மறுக்கிறது. பிள்ளையாருக்கு முன்னால் கோணலும் மாணலுமாகப் பதினோரு உருப்படி வைத்தேன். பூரணம் வெளியே எட்டிப் பார்த்தது. "இந்த வருஷம் மாவு சரியில்ல போல" என்றார் இவர், ஐந்தாவதை வாயில் போட்டுக்கொண்டே. மாவுமேல் பழியைப் போட்டதும் ஒரு விதத்தில் நல்லதுதான். என்மேல் போடவில்லையே.

நித்திலா ஓசூரிலிருந்து வீடியோ காலில் வந்தாள். நான் போனை மாற்றிப் பிடித்தபோது பெல்ட் தெரிந்துவிட்டது.

"அம்மா, அது என்ன? காட்டு. அம்மா, கையைக் காட்டுன்னு சொல்றேன்."

சொல்லும்படி ஆயிற்று. முழுதும் சொன்னேன். அவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது. கோபத்தில் என்னைப் போல.

"அப்பாவைக் கூப்பிடு. இப்பவே கேக்கறேன்."

"நீ கேக்கக் கூடாது."

"ஏன்?"

"நீ சொல்லி அவர் கேட்டா அது உன் கேள்வி. எனக்கு அது வேண்டாம்."

"நீயாவது சொல்லேம்மா."

"தெரியணும்னா பாத்தாலே தெரியும்."

"உங்க ரெண்டு பேரையும் விட அந்த ஹாரனே பரவால்லை" என்று வைத்துவிட்டாள். என்ன அர்த்தத்தில் சொன்னாளோ. எனக்கு அதுவும் கோபம்தான்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நாளை மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ். இன்றைக்கு ரிலேயையும் மாற்றிவிட்டார். புது ரிலேயும் 'டிக்' என்கிறது.

செப்டம்பர் 11, புதன்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் ஃபிரிட்ஜில் இருந்த சர்க்யூட் படம். சட்டையெல்லாம் கிரீஸ். இவர் உடம்பில் கிரீஸை இந்த ஒரு மாதமாகத்தான் பார்க்கிறேன். நான் குழாயை மூடவில்லை.

"மங்கை, உங்க அப்பா கடையில ஹாரன் வேலையெல்லாம் பாப்பாங்களா?"

முப்பத்திரண்டு வருஷத்தில் இவர் வாயிலிருந்து 'உங்க அப்பா கடை' என்று வந்தது இதுதான் முதல் தடவை. கான்ட்ராக்டர் வேலை, உங்க ஊர்ப் பக்கம், அந்தத் தொழில், இப்படித்தான் சொல்லியிருக்கிறார். கடை என்று சொன்னதில்லை.

குழாயை மூடினேன்.

"பாப்பாங்க. நானும் பாப்பேன்."

"எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். வகுப்பில் மாணவன் சொல்ல வேண்டியதை இவர் சொன்னார். குரலும் அப்படித்தான் இருந்தது.

படத்தை வாங்கி மேசையில் விரித்தேன். அந்தக் கடைசிக் கோட்டில் ஈர விரலை வைத்தேன். "இந்த ஒயர் வண்டியில எங்கீங்க இருக்குது?"

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆயிரம் இருந்தாலும் படித்த மனிதர். "பாடி எர்த்து" என்றார் மெதுவாக. "ஐயோ. பெயிண்ட்!"

வெளியே போனோம். ஒரு துண்டு ஒயரை எடுத்து ஒரு முனையை ஹாரன் பிடியிலும் மறு முனையைப் பேட்டரி மைனஸிலும் வைத்துப் பிடித்துக்கொண்டேன். "இப்ப அழுத்துங்க" என்றேன். அழுத்தினார். ஹாரன் அலறிய அலறலில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டு நாய் எழுந்து ஓடியது. முப்பத்தைந்து நாளைக்கு அப்புறம். எனக்கு எதற்கு அவ்வளவு சந்தோஷம் என்று தெரியவில்லை. அந்தச் சத்தத்தை எத்தனை வருஷமாகச் சபித்திருக்கிறேன்!

இவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "எத்தனை நாளா தெரியும்?"

"ஒன்பதாம் தேதியில இருந்து. தொட்டிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னீங்களே, அன்னைக்கு."

தலையைக் குனிந்துகொண்டார். ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். "நீயே பண்ணிடு. உன் வேலை இது."

"என்னால முடியாதுங்க."

"ஏன்? தெரியும்ல உனக்கு?"

"தெரியும். கை வராது."

"கைக்கு என்ன?"

கேட்டுவிட்டு நின்றார். ஸ்குரூ டிரைவர் கேட்கவில்லை. எதையும் எடுத்து வரச் சொல்லவில்லை. பதிலுக்காக நின்றார்.

பெல்ட்டை அவிழ்த்துக் காட்டினேன். "எலும்புல விரிசல். கேட்டுக்கும் தூணுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. ஜூலை இருபத்திரண்டு."

தேதியைச் சொன்னதும் இவர் முகம் போன போக்கை நான் எழுதப்போவதில்லை. அதை எழுதினால் என் கோபம் குறைந்துவிடும், இன்னும் அதற்கு நாள் வரவில்லை. கேட்டைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். பெரியதம்பி பார்த்த அதே வரிசையில் பார்த்தார், எட்டு நாள் தாமதமாக.

"நான் அப்ப இறங்கி வந்தேனே" என்றார்.

"வந்தீங்க. பம்பரைப் பாத்தீங்க."

போர்ட்டிகோ படியில் உட்கார்ந்துவிட்டார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கிரீஸ் பட்டது. இழுத்துக்கொள்ள நினைத்தேன், இழுத்துக்கொள்ளவில்லை. அழுதாரா என்று தெரியவில்லை, நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மன்னிச்சுக்கோ' என்று இவர் சொல்லிக் கேட்டதில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. "வலிக்குதா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் "வலிக்குது" என்றேன்.

அப்புறம் நான் சொல்லச் சொல்ல இவரே நட்டைக் கழற்றினார். உப்புத்தாளால் தேய்த்தார். "இன்னும் தேய்ங்க, இரும்பு தெரியணும்" என்றேன். தேய்த்தார். பழைய ஹாரனையே மாட்டச் சொன்னேன், மாட்டினார். முடுக்கினார். அழுத்தினார். அடித்தது.

பெரியதம்பிக்குப் போன் போட்டுப் பேசச் சொன்னேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் பெல்ட்டை மாட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

செப்டம்பர் 12, வியாழன்

ஆர்.டி.ஓ. ஆபீசில் வேலை நல்லபடியாக முடிந்ததாம். இன்ஸ்பெக்டர் ஹாரனை ஒரே தடவைதான் அழுத்தினாராம். ஒரு மாதம் பட்ட பாட்டுக்கு அரை நொடி.

இதைப் போனில் சொன்னார். மாவுக்கட்டு போட நாளைக்கு டாக்டரிடம் தானே கூட்டிப் போவதாகவும் சொன்னார். அரிசி யார் களைவார்கள் என்று கேட்டேன். "எத்தனை தண்ணி களையணும்?" என்று கேட்டார்.

மூன்றரை மணிக்கு வண்டி வந்து கேட் முன்னால் நின்றது. நான் காபியோடு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். உடம்பு பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டது. காத்திருந்தேன். ஹாரன் வரவில்லை. போன் வரவில்லை. இஞ்சின் நின்றது. கார்க் கதவு திறந்து மூடியது. நடந்து வரும் சத்தம், நாலு எட்டு.

மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

மேலிருந்து கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம் கேட்டது. வரவில்லை. ஆட்டினார். வரவில்லை. கேட்டைத் தள்ளினார், இழுத்தார், உதைத்தார். என்னமோ முணுமுணுத்தார். ஸ்டெல்லா டீச்சர் பால்கனிக்கு வந்திருப்பார்.

முழங்காலால் முட்டுக் கொடுத்துக் கொஞ்சம் தூக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

காபி நல்ல சூடாக இருந்தது. நிதானமாகக் குடித்தேன். டம்ளர் காலியாகிற நேரத்தில் வெளியே சத்தமெல்லாம் ஓய்ந்தது. அப்புறம் இவர் குரல் வந்தது, கத்தாமல், கேட்கிற குரலில்.

"மங்கை, இதை எப்படித் திறக்கறது?"

கேட்டுவிட்டார். எழுந்து போய்ச் சொன்னேன். திறந்தது அவர்தான்.